ஐஸ் இல்லாத ஐஸ் பெட்டி

"வாட்ச்மேன் சொல்றது நெஜம்னா, இந்தப் பெட்டி வானத்துலேருந்துதான் குதிச்சிருக்கணும் சிஸ்டர்" என்றான் பரிதி.

அனுராதா சிஸ்டருக்குச் சிரிப்பு வரவில்லை. தஞ்சாவூரில் அந்த அறக்கட்டளை மருத்துவமனையின் தாய்ப்பால் வங்கி அவர் பொறுப்பில் இருந்தது. மேசைமேல் ஒரு தெர்மாகோல் பெட்டி. மூடியில் மார்க்கர் பேனாவால் எழுதியிருந்தது ஒரே ஒரு சொல்: தாய்ப்பால். கொஞ்ச நாளாகவே தினமும் காலையில் வங்கி வாசலில் இப்படி ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கிறது. பேர் இல்லை, ஊர் இல்லை, கொண்டுவந்த ஆளைக் கண்டவரும் இல்லை.

நூர்ஜஹான் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். போலீசில் ஏட்டாக இருந்து, மேலதிகாரி ஒருவரிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்ததால் வேலையை விட்டவர். இப்போது கீழவாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறார். அலுவலகத்தில் மொத்தம் இரண்டு நாற்காலி. ஒன்று அவருக்கு, மற்றது தேடி வருகிறவர்களுக்கு. ஒரே உதவியாளனான பரிதிக்கு ஜன்னல் கட்டை. பரிதியின் மனைவி செம்மொழி தலைப்பிரசவத்துக்காகத் திருத்துறைப்பூண்டிக்கு அம்மா வீடு போனதிலிருந்து அவன் மெஸ்ஸில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வயிறு காயக் காய அவனுக்கு வாய் நீளும்.

"நல்ல பால்தானே சிஸ்டர்? புள்ளைங்களுக்குக் கொடுத்துட்டுப் போக வேண்டியதுதானே. இதுக்குப் போயி துப்பறிய எங்களைக் கூப்பிடுறீங்க?"

"நல்ல பாலுன்னு நீங்க சொல்றீங்க. நான் எப்படிச் சொல்றது?" அனுராதா பெருமூச்சு விட்டார். "யாரோட பாலுன்னு தெரியாம இங்க ஒரு சொட்டு உள்ள போகாது தம்பி. கொடுக்கிற அம்மாவுக்கு முதல்ல ரத்தம் எடுத்துப் பாக்கணும். எய்ட்ஸ் இருக்கா, மஞ்சள் காமாலைக் கிருமி இருக்கான்னு. என்ன மாத்திரை சாப்பிடுறாங்க, புகையிலை போடுவாங்களா, எல்லாம் கேக்கணும். அப்புறம்தான் பாலை வாங்கிச் சூடு பண்ணி, அதையும் டெஸ்ட் பண்ணி, ஃப்ரீசர்ல வைப்போம். உள்ள இருக்கிறதெல்லாம் ஒரு கிலோகூட இல்லாத புள்ளைங்க. அதுங்க உடம்பு எதையும் தாங்காது."

"அப்ப இது?"

"கொட்டுறோம்." சிஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "தினமும் வருது, தினமும் கொட்டுறோம். அந்தப் பக்கம் எங்க ஃப்ரீசர் காலியாகிட்டே வருது. வழக்கமா கொடுத்துட்டிருந்த பொண்ணு புருஷன் ஊருக்குப் போயிடுச்சு. இருக்கிறது இன்னும் ரெண்டு மூணு நாளைக்கு வந்தா அதிகம். அதான் மேடம், இந்த அம்மாவைக் கண்டுபிடிச்சுக் கொடுங்க. ஒரு ஊசி குத்தி, நாலு கேள்வி கேட்டா போதும். அவ்வளவுதான்."

வெளியே பெஞ்சில் ஒரு பெரியவர் கையில் தொப்பியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹாஜா மைதீன். பேராவூரணியில் தேங்காய் மண்டி. மகள் இர்ஃபானாவுக்கு மாசம் ஆகுமுன்னே பிரசவமாகி, அவள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறாள். உள்ளங்கை அளவுப் பேத்தி கண்ணாடிப் பெட்டிக்குள். மருமகன் ஹம்தான் துபாயில் டிக்கெட்டுக்கு அலைகிறான். ஆண்டுக்கணக்காக மண்டியில் குரல் உயர்த்தியே பழகிய மனிதர், இந்த வராந்தாவில் நூர்ஜஹானிடம் காதோடு பேசினார்.

"தங்கச்சி, நம்ம மார்க்கத்துல பால் கொடுத்தவ எங்க புள்ளைக்குத் தாய். அவ பெத்த புள்ளைங்க எங்க புள்ளைக்குக் கூடப்பொறந்ததுங்க. பின்னால அதுங்களுக்குள்ள கல்யாணம் காட்சி கூடாது. உங்களுக்கு நான் சொல்லணுமா? அதனால பேரு தெரியணும். பேரு தெரியாத பால் எனக்கு வேணாம். நாளைக்கு இவ பெரிய மனுசியாகி, நாங்களே தெரியாத்தனமா அண்ணன்காரனுக்குப் பேசி முடிச்சுட்டா?"

"கொடுக்கிறவங்க சம்மதிச்சா பேரைச் சொல்றேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன்" என்றார் அனுராதா. "ஆனா முதல்ல கொடுக்கிறவங்க கிடைக்கணுமே!"

பரிதி கண்ணாடி வழியாக அந்தப் பேத்தியைப் பார்த்தான். மூக்கில் ஒரு குழாய், தலையில் ஒரு குல்லாய், மீதியெல்லாம் துணி. அடுத்த மாதம் தனக்கும் ஒன்று வரப்போகிறது என்பது அவனுக்கு அந்த நேரம் பார்த்தா ஞாபகம் வரவேண்டும். கொஞ்ச நேரம் அவனிடமிருந்து ஒரு ஜோக்கும் வரவில்லை.

நூர்ஜஹான் அதற்குள் உள்ளே திரும்பிப் பெட்டியைத் திறந்துவிட்டார். உறைந்த பால் பாட்டில்கள் பெட்டி கொள்ளாமல் நெருக்கி நின்றன.

"எப்பவும் இவ்வளவா வரும்?"

"இவ்வளவேதான்."

"ஒரு ஆளோட பால் மாதிரியா மேடம் இருக்கு?" பரிதிக்கு வாய் திரும்பிவிட்டது. "கூட்டுறவு சங்கம் மாதிரியில்ல இருக்கு. போர்டு ஒண்ணுதான் பாக்கி."

"சும்மா இரு." நூர்ஜஹான் பாட்டில்களுக்கு நடுவிலிருந்து எதையோ உருவினார். சுத்தமான புது வைக்கோல். நாலைந்து தாளை முறுக்கி, வளையமாகச் சுருட்டி, பாட்டில்களுக்கிடையே சொருகியிருந்தது. "இது எதுக்கு?"

"பெட்டியைக் கட்டறதுக்கு" என்றான் பரிதி.

"கட்டறதுக்குன்னா வெளியில இருக்கும். இது உள்ள இருக்கு. ஒண்ணோடொண்ணு இடிக்காம இருக்கச் சொருகியிருக்காங்க. பால் இருந்தா வைக்கோல் வைக்கணும்னு கைப்பழக்கம் யாருக்கு இருக்கும்?" பதிலுக்குக் காத்திராமல் அவர் வாசலுக்கு நடந்தார். வாட்ச்மேன் எழுந்து நின்றார்.

"காலையில புதுசா யாரு வந்தா?"

"புதுசா ஒரு ஈ காக்கா வரலைம்மா. சத்தியமா!"

"பழசா யாரு வந்தா?"

வாட்ச்மேன் விழித்தார். இந்தக் கேள்வியை அவரிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. "பழசான்னா... பேப்பர் போடுறவரு, பூக்காரம்மா, கேன்டீனுக்குப் பால் ஊத்துற கண்ணுசாமி..."

நூர்ஜஹான் பரிதியைப் பார்த்தார். பரிதி தலையில் அடித்துக்கொண்டான். பால் கொண்டுவருகிற பால்காரரை எந்த வாட்ச்மேன் கவனிப்பார்?

கேன்டீனின் பின்பக்கம் மொபெட்டில் கேன்களை ஏற்றிக்கொண்டிருந்தார் கண்ணுசாமி. கேன் வாயில், பால் தளும்பாமல் இருக்கப் போட்டிருந்த வைக்கோல் வளையம் இன்னும் ஈரமாகத் தொங்கியது. நூர்ஜஹான் தன் கையிலிருந்ததை அதன் பக்கத்தில் பிடித்தார். இரண்டும் ஒரே கை முறுக்கியது என்று சொல்ல நிபுணர் யாரும் வேண்டியதில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா" என்றார் கண்ணுசாமி, அவர்கள் ஒன்றும் கேட்கும் முன்பே.

"எது தெரியாது?"

"நீங்க கேக்கப் போறது."

"அண்ணே, நாங்க டீ வேணும்னு கேக்க வந்திருந்தா?" என்றான் பரிதி.

கண்ணுசாமிக்கு வேர்த்தது. நல்ல மனிதர். நல்ல மனிதர்களுக்குப் பொய் சொன்னால் முதலில் காது சிவக்கும். "சத்தியம் பண்ணிட்டேம்மா. ஐயனார் மேல. அதுக்கு மேல என்னைக் கேக்காதீங்க."

"யார்கிட்ட சத்தியம் பண்ணீங்க?"

"அதைச் சொன்னாலே சத்தியம் போச்சே."

"சரி, அதை விடுங்க" என்றார் நூர்ஜஹான் இதமாக. "கேன்டீனுக்கு ஊத்துற மாட்டுப் பால் எந்த ஊர்ல எடுக்கிறீங்க? இது சத்தியத்துல வருமா?"

கண்ணுசாமி ஆகாயத்தைப் பார்த்து யோசித்தார். ஐயனாரிடம் மனதுக்குள் விளக்கம் கேட்டிருப்பார் போல. "வராது" என்று கடைசியில் தீர்ப்புச் சொன்னார். "வெண்ணாத்தங்கரையில கீழப்பூங்குளம். ஒரே ஊருதான்."

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. வெண்ணாற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஆடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. உளுந்து எடுத்த வயல்கள் வெடித்துக் கிடந்தன. பரிதியின் பைக் கீழப்பூங்குளத்துக்குள் நுழைந்தபோது தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை. ஒரு பெட்டிக்கடை மட்டும் திறந்திருந்தது. கல்லாவில் ஐம்பதை ஒட்டிய ஒரு பெண் விசிறிக்கொண்டிருந்தார். கடையோரம் ஒரு ஐஸ் பெட்டி ர்ர்ரென்று உறுமிக்கொண்டிருந்தது.

"வாங்க, என்ன வேணும்?"

"அக்கா, எனக்கு ஒரு சேமியா ஐஸ்" என்றான் பரிதி.

"ஐஸ் தீந்துபோச்சு தம்பி. வண்டி வரலை. சோடா குடிக்கிறீங்களா?"

சோடா சுடுதண்ணீர் மாதிரி இருந்தது. நூர்ஜஹான் மெல்லப் பேச்சுக் கொடுத்தார். கடைக்காரர் பெயர் சாவித்திரி. வீடும் கடையும் ஒன்றுதான், பின்பக்கம் வீடு. தாங்கள் மருத்துவமனையிலிருந்து வருவதாகவும், கைக்குழந்தைக்காரிகளைப் பார்க்கவேண்டும் என்றும் நூர்ஜஹான் சொன்னார்.

"கைக்குழந்தையா?" சாவித்திரியின் விசிறி ஒரு விநாடி நின்று மறுபடி ஆடியது. "இந்தத் தெருவுல வந்து வாழற மருமகளுங்க யாருக்கும் கைக்குழந்தை கிடையாதுங்க. வேணும்னா வீடு வீடாக் கேட்டுப் பாருங்க."

மருமகளுக்குக் கைக்குழந்தை உண்டா என்று வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் அதே பதில். ஒரு மருமகள் பிரசவத்துக்கு மன்னார்குடியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். இன்னொருத்தியின் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறான். அதோடு சரி.

நூர்ஜஹான் பூவரசு நிழலில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு நம்பிக்கை போனால் செருப்பைக் கழற்றி வைப்பார். இரண்டையும் கழற்றி வைத்தார். "கண்ணுசாமி நம்மளை ஏமாத்திட்டாரா?"

"ஐயனாரைக் கேட்டுட்டுதானே மேடம் சொன்னாரு" என்றான் பரிதி. அதற்குள் அவன் போன் அடித்தது. செம்மொழி.

"சாப்டீங்களா?" என்றாள் எடுத்தவுடன்.

"மெஸ்ஸுல சாம்பார்னு ஒண்ணு ஊத்துனாங்க."

"இருக்கட்டும். சுகாதார நர்சம்மா நம்ம வீட்டுக்கு வந்து கேட்டதுக்கு, 'எங்க வீட்ல கர்ப்பிணி யாரும் இல்லை'ன்னு சொன்னீங்களாமே? பக்கத்து வீட்டக்கா போன் பண்ணிச் சிரிக்கிறாங்க."

"ஆமா. நீதான் அங்க இருக்கியே. இங்க யாரு இருக்கா?"

"நல்லாருக்கு. இங்க கேட்டா எங்கம்மா, 'அவ வேற வீட்டுப் பொண்ணு, விருந்தாளியா வந்திருக்கா'ங்கிறாங்க. அப்ப நான் எந்த வீட்டுக் கணக்கு?"

பரிதி பதில் சொல்ல வாயெடுத்தான். எடுத்த வாய் அப்படியே நின்றது. "செம்மொழி, உனக்குக் கோயில் கட்டறேன், வைச்சிடு!" என்று போனை அணைத்துவிட்டு நூர்ஜஹானிடம் ஓடினான்.

"மேடம், செருப்பைப் போடுங்க. நாம மருமகளைத் தேடிட்டோம். தேட வேண்டியது மகளை!"

"என்னது?"

"கைக்குழந்தைக்காரி மாமியார் வீட்லயா இருப்பா? தலைப்பிரசவம்னா எவளும் அம்மா வீட்லதானே இருப்பா! இந்த ஊரு மருமகளைக் கேட்டா, 'இல்லை'ன்னுதான் வரும். அந்தக் கடைக்காரம்மா பொய்யே சொல்லலை. 'வந்து வாழற மருமகளுங்க'ன்னு பாத்துப் பாத்துச் சொன்னாங்க."

நூர்ஜஹான் அவனை ஒரு கணம் பார்த்தார். பாராட்டுவது அவருக்குப் பழக்கமில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு அவனுக்கு முன்னால் நடந்தார், அதுதான் பாராட்டு.

கடையில் சாவித்திரி அதே விசிறியோடு இருந்தார். நூர்ஜஹான் நேராக ஐஸ் பெட்டியிடம் போய் அதன் மேல் கையை வைத்தார். பூட்டுத் தொங்கியது. பெட்டி பொறுப்பாக உறுமிக்கொண்டிருந்தது.

"ஐஸ் தீந்துபோய் எவ்வளவு நேரமாச்சுங்க?"

"அது... நேத்தே தீந்துடுச்சு."

"வெறும் பெட்டிக்கு எதுக்குக் கரண்ட்டு? எதுக்குப் பூட்டு?"

விசிறி நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்து வீட்டுக்குள்ளிருந்து ஒரு கைக்குழந்தை வீலென்று அழுதது. சாவித்திரி கண்ணை மூடிக்கொண்டார். அவர் பேத்திக்கு ரகசியம் காக்கத் தெரியவில்லை.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே வெளியே வந்தாள் ஒரு பெண். முகத்தில் இன்னும் வெளுப்பு மாறவில்லை.

"அம்மாவை ஒண்ணும் கேக்காதீங்க. நான்தான். கயல்விழி" என்றாள். "என்ன தப்பு பண்ணிட்டேன்? பால்தானே கொடுத்தேன்!"

"தப்பெல்லாம் இல்லைம்மா. ஏன் பேரு சொல்லாம கொடுத்தே? அதை மட்டும் சொல்லு."

கயல்விழி வாசற்படியில் உட்கார்ந்தாள். "என் பிரசவத்துல ரொம்பச் சிக்கலாயிடுச்சு. நான் பொழைச்சதே பெரிசு. நல்லானப்புறம் அந்த ஆஸ்பத்திரி போர்டுல தாய்ப்பால் வங்கின்னு பாத்தேன். கீழே என்னென்ன டெஸ்ட்டுன்னு வரிசையா எழுதியிருந்துச்சு. வெளியில ஒரு லேபுக்குப் போன் போட்டு அதுக்கெல்லாம் எவ்வளவுன்னு கேட்டேன். நாலாயிரத்துக்கு மேலன்னாங்க. பால் கொடுக்கிறதுக்கு நாம பணம் கட்டணுமான்னு ஆயிடுச்சு. புருஷன் வீட்லதான் கேக்கணும். கேட்டா, 'எதுக்கு? நம்ம புள்ளை பாலை ஊருக்குக் கொடுக்கவா?'ன்னு ஆரம்பிக்கும். அதான் கண்ணுசாமி அண்ணன்கிட்ட சத்தியம் வாங்கிட்டு, சும்மா கொண்டுபோய் வாசல்ல வைக்கச் சொல்லிட்டேன். பசிக்கிற புள்ளைக்கு முன்னாடி பேரு எதுக்குன்னு நினைச்சேன்."

நூர்ஜஹான் போனை எடுத்து அனுராதா சிஸ்டரைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"அடிப்பாவி!" என்றது அனுராதாவின் குரல். அதில் கோபம் இல்லை, சந்தோஷம் வழிந்தது. "நீ ஒரு பைசா கட்ட வேணாம்டி கண்ணு. டெஸ்ட் செலவு பூரா வங்கியோடது. பாட்டில் எங்களோடது, வந்து எடுத்துட்டுப் போற வண்டி எங்களோடது. ஊசி குத்துற வலி மட்டும்தான் உன் செலவு. எங்களுக்கும் உனக்குப் பணம் தரக்கூடாதுன்னு விதி இருக்கு, அதையும் சொல்லிடறேன். இது விக்கிற பொருள் இல்லை."

கயல்விழி சிரித்தாள். சாவித்திரிகூடச் சிரித்தார்.

"இப்பவே நாலு கேள்வி கேட்டுடறேன். மாத்திரை ஏதாவது?"

"சத்து மாத்திரை மட்டும்."

"வெத்தலை, புகையிலை?"

"சீ, இல்லை."

"காமாலை வந்திருக்கா? பச்சை குத்தியிருக்கியா? சமீபத்துல ரத்தம் ஏத்தினாங்களா?"

"ஏத்தினாங்க. பிரசவத்தப்ப ரெண்டு பாட்டில்." கயல்விழியின் குரல் கனிந்தது. "அதாங்க நான் சொல்ல வந்தது. யாரோ பேரு தெரியாத ஒருத்தர் ரத்தம் கொடுத்தாங்க, நான் பொழைச்சேன். நன்றி சொல்லலாம்னா யாருன்னே தெரியாது. நானும் அதே மாதிரி பேரு சொல்லாம யாருக்காவது கொடுத்துடணும்னு..."

மறுமுனையில் பேனாவைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது.

"சிஸ்டர்?"

"கயல்விழி" என்றார் அனுராதா மெதுவாக. "ரத்தம் ஏத்தியிருந்தா இப்போதைக்கு உன் பாலை நாங்க வாங்க முடியாதும்மா. உன் மேல குறையில்லை. அந்த ரத்தத்துல ஒளிஞ்சிருக்கிற கிருமி ஏதாவது இருந்தா, டெஸ்ட்டுல தெரிய நாளாகும். உன் புள்ளைக்கு நீ தாராளமா கொடு. உள்ள இருக்கிற சின்னதுங்களுக்கு மட்டும்தான் முடியாது."

"அப்ப இத்தனை நாள் அனுப்பினது?"

"கொட்டிட்டோம்மா. ஒவ்வொரு தடவையும் எனக்கு மனசு ஆறலை."

கயல்விழி அழவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள், அது எப்போதோ அழுகையை நிறுத்தியிருந்தும். எந்த ரத்தத்துக்கு நன்றி சொல்லக் கிளம்பினாளோ, அதே ரத்தம் வழியை மறித்துக்கொண்டு நின்றது. நூர்ஜஹான் செருப்பைக் கழற்றி வைத்தார். பேராவூரணிப் பெரியவரின் முகமும் அந்தக் குல்லாய் போட்ட சின்னத் தலையும் பரிதியின் கண்ணில் வந்து நின்றன. வந்த வேலை முடிந்தது, ஆனால் கையில் ஒன்றும் இல்லை.

பரிதி ஐஸ் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். "அக்கா, அதைக் கொஞ்சம் திறங்களேன்."

சாவித்திரி மகளைப் பார்த்துவிட்டுத் திறந்தார். வெள்ளைப் புகை எழுந்தது. உள்ளே பாட்டில்கள், வரிசை வரிசையாக. பரிதி ஒன்றைத் தூக்கிப் பார்த்தான், வைத்தான். கயல்விழியின் வெளுத்த முகத்தைப் பார்த்தான்.

"தங்கச்சி, செத்துப் பொழைச்சு எழுந்த உடம்பு உன்னோடது. உன் புள்ளைக்கும் கொடுத்துட்டு, தினம் இத்தனை பாட்டில் நீ ஒருத்தியா நிரப்பினே? காலையில நான் ஆஸ்பத்திரியில ஒண்ணு சொன்னேன், இந்த மேடம் என்னைச் சும்மா இருக்கச் சொல்லிட்டாங்க. கூட்டுறவு சங்கம்னேன்."

கயல்விழி தலை குனிந்தாள்.

"போன வைகாசியில இந்தத் தெருவுல எத்தனை கல்யாணம் அக்கா?" என்று நூர்ஜஹான் சாவித்திரியிடம் கேட்டார். அவருக்கும் இப்போது பிடிபட்டுவிட்டது.

"அஞ்சு" என்றார் சாவித்திரி. "ஒரே மாசத்துல மொய் எழுதியே ஓஞ்சுபோனோம்."

"அஞ்சு பொண்ணுங்களும் இப்ப எங்க இருக்காங்க?"

கயல்விழி நிமிர்ந்தாள். "அவங்க பேரைச் சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன். நாங்க அஞ்சு பேரும் ஒண்ணாப் படிச்சவங்க. மத்தியானம் புள்ளைங்க தூங்கறப்ப மத்த நாலு பேரும் எங்க வீட்டுக்கு வருவாங்க. ஒருத்தி மாமியாருக்குத் தெரிஞ்சாலும் வம்பு."

"நீ சொல்ல வேணாம். அவங்களாச் சொல்லட்டும்" என்றார் நூர்ஜஹான். போனை வாசல் திண்டில் வைத்தார். பிறகு தெருவைப் பார்த்து, போலீஸ் காலத்துக்குப் பிறகு உபயோகிக்காத குரலில், "ஆஸ்பத்திரியில ஒரு புள்ளைக்குப் பால் இல்லை! டெஸ்ட்டுக்குப் பணம் கட்ட வேணாம்! உங்க மாமியார்கிட்ட நானே பேசுறேன்!" என்று முழங்கினார்.

பூவரசு மரத்துக் காக்கைகள் பறந்தன. தெரு அசையவில்லை. பரிதி மனதுக்குள் பத்து எண்ணுவதற்குள் எதிர் வீட்டுக் கதவு திறந்தது. தோளில் குழந்தை, தலையில் ஈரத்துண்டு. அடுத்து மூலை வீடு. அப்புறம் அதற்கடுத்த வீடு. நாலாவதாக வந்தவள் ஒரு கையில் குழந்தையும் மறு கையில் போனுமாக, "ஆமாங்க அத்தை, பால் கொடுக்கத்தான் போறேன். இல்லை, உங்க பேரனுக்குக் குறை வைக்கலை. நீங்களே வந்து பாருங்க" என்று பேசிக்கொண்டே வந்தாள். போனை வைத்துவிட்டு, "இந்தா, சொல்லியாச்சு. என்னைத்தான் எல்லாரும் பயந்தாங்கொள்ளிங்கிறது" என்றாள்.

"மாமியார் என்னம்மா சொன்னாங்க?" என்றார் நூர்ஜஹான், கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"முன்னாடியே தெரிஞ்சா அவங்களும் கூட வந்திருப்பாங்களாம்."

போனில் அனுராதா சிஸ்டர் மூக்கை உறிஞ்சுவது எல்லோருக்கும் கேட்டது. "வண்டி கிளம்பிடுச்சு" என்றார்.

நாலு பேருக்கும் ரத்தம் எடுத்தார்கள். நாலும் சுத்தமாக வந்தது. இந்த முறை முன்போல எல்லார் பாலையும் ஒன்றாகக் கலக்கவில்லை. ஒவ்வொருத்தியின் பாலும் தனித்தனிப் பாட்டிலில், பெயரோடு போனது. சூடு பண்ணி, மறுபடி சோதித்து, முதல் பாட்டில் அந்த வாரக் கடைசியில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த குல்லாய்க்காரிக்குப் போயிற்று. குழாய் வழியே சொட்டுச் சொட்டாக இறங்கிய பாலை, ஹாஜா மைதீன் வெளியிலிருந்து கண்ணிமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பெண்களும் சம்மதித்ததால் பெயர்கள் அவரிடம் வந்திருந்தன. அவற்றைச் சட்டைப் பைக்குள் வைத்து மேலே கையை வைத்திருந்தார்.

அடுத்த நாள் பெண்கள் பால் எடுக்க வங்கிக்கே வந்தபோது, அவர்கள் உள்ளே இருக்கும் நேரம் நாலு கைக்குழந்தைகளையும் சமாளித்தது கயல்விழிதான். தன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, ஒன்றைத் தோளிலும் இன்னொன்றை முழங்கையிலும் வைத்திருந்தாள். மீதி இரண்டையும் பரிதியிடம் கொடுத்திருந்தாள். பரிதி இரண்டு கேன் பாலைச் சுமக்கிற கண்ணுசாமி மாதிரி அசையாமல் நின்றான். கண்ணுசாமியும் வந்திருந்தார். சத்தியம் தானாகவே தீர்ந்துவிட்டதால், இத்தனை நாள் அடக்கிய பேச்சையெல்லாம் வாட்ச்மேனிடம் கொட்டிக்கொண்டிருந்தார்.

ஹாஜா மைதீன் ஒரு ஜவுளிக்கடைப் பையோடு வந்தார். வெளியே வந்த பெண்களுக்கு ஒவ்வொருத்தியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, ஆளுக்கொரு சேலை கொடுத்தார். "எங்க புள்ளைக்குத் தாய் நீங்க. எங்க வீட்டு விசேஷம் எது நடந்தாலும் உங்களுக்குச் சேதி வரும். வராம இருக்கக்கூடாது."

பையில் இன்னும் ஒரு சேலை இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கயல்விழியிடம் வந்தார்.

கயல்விழி பதறிப்போனாள். "ஐயா, நான் கொடுக்கலைங்க. என் பால் ஆகாதுன்னுட்டாங்க."

"தெரியும்மா. சிஸ்டர் சொன்னாங்க. என் மகளுக்கு மூணு பாட்டில் ரத்தம் ஏத்தினாங்க. அவ நேத்துக் கண்ணு முழிச்சுப் புள்ளையைக் கேட்டா. அந்த ரத்தம் யாரோடதுன்னு விசாரிச்சேன், சொல்ல முடியாதுன்னுட்டாங்க. பேரு தெரியாத பால் வேணாம்னு இதே பெஞ்சுல உக்காந்து சட்டம் பேசினவன் நான். பேரு தெரியாத ரத்தத்தை மட்டும் வாய் மூடிட்டு வாங்கிட்டேன். இந்தச் சேலை அந்த ஆளுக்கு வாங்கினது. யாருன்னு தெரியலை. பேரு சொல்லாம கொடுக்கிற ஆளுங்கள்ல எனக்குத் தெரிஞ்சது நீ ஒருத்திதான்."

கயல்விழியின் இரண்டு கையிலும் குழந்தைகள். வாங்கக் கை இல்லை. பெரியவர் சேலையைப் பிரித்து அவள் தோளைச் சுற்றிப் போர்த்தினார். சேலைக்குள் மூன்று குழந்தைகளும் அடங்கிப்போயின. அதுவரை அழாத கயல்விழி அப்போது அழுதாள், சிரித்துக்கொண்டே.

நூர்ஜஹான் சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பரிதிக்கு அப்படித் திரும்பவும் வழியில்லை, இரண்டு கையிலும் ஆள் இருந்தது.

"மேடம், கண்ணுல ஏதோ விழுந்துடுச்சு" என்றான். "கொஞ்சம் துடைச்சுவிடுங்க."

"ரெண்டு கண்ணுலயுமா?" என்றார் நூர்ஜஹான். முதன்முறையாக அவன் சொன்னதைச் செய்தார்.